ஐந்து நாளில் அயல்நாடு

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். எங்கள் ஊரில் அந்த நிலையத்தின் வாசலைக் காணாத குடும்பம் அரிது. உள்ளே சென்று ஆகாய விமானத்தில் ஏறியவர்களோ வீட்டுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். மற்றவர்கள் கண்ணாடிக் கதவுக்கு இப்புறம் நின்று கையசைத்துவிட்டு, வழியில் ஒரு தேநீர் அருந்தி வீடு திரும்புகிறவர்கள். அப்படிக் கையசைத்துப் பழகிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது என் தொழில். ஆகையால், ஸர்க்கார் பள்ளி மாணாக்கர்களைக் கூட்டமாக அயல்நாடுகளுக்கு அழைத்துச் சென்று காட்டும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்பட்டபோது, மற்ற ஊர்களைக் காட்டிலும் எங்கள் ஊரில் அதைப்பற்றிய பேச்சு சற்று அதிகமாகவே இருந்தது.

வாசகர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். 2019 ஜனவரியில் 50 மாணாக்கர் பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் சென்றார்கள். 2022 நவம்பரில், போட்டிகளில் வென்ற வேறொரு கூட்டத்தார் ஐக்கிய அரபு நாடுகளுக்குச் சென்று ஷார்ஜா புத்தகக் கண்காட்சியைப் பார்த்து வந்தார்கள். அந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கிய கலைத் திருவிழாவில் மாநில அளவில் முன்னணியில் நிற்போருக்கும் அயல்நாட்டுப் பிரயாணம் பரிசாக அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் உபாத்தியாயர்களிலேயே ஒரு பகுதியினர் பிரான்ஸ் தேசம் போய்த் திரும்பினார்கள். (அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை என்பதை வாசகர்கள் இதற்குள் ஊகித்திருப்பார்கள்.)

கூலி வேலை செய்பவரின் மகன் பாஸ்போர்ட் எடுக்கப் போட்டோ பிடித்துக்கொள்கிறான் என்றால் அது சிறிய காரியமல்ல. முன்னெல்லாம் அயல்நாட்டுப் படிப்பும் பிரயாணமும் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாரிஸ்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியவையாக இருந்தன. அந்த வாயில் இன்று ஒரு விரற்கடை திறந்திருக்கிறது. இதில் குறை சொல்லுகிறவர்களோடு நான் சேர்ந்தவனல்லன். என் கவலையெல்லாம் பிள்ளைகள் திரும்பி வந்த பிறகு நடப்பதைப் பற்றியது.

திரும்பிய பிள்ளைகளைப் பள்ளிகள் மாலையிட்டு வரவேற்கின்றன. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேடையேற்றி, “கண்டதைச் சொல்” என்கின்றன. பிள்ளைகளும் சொல்லுகிறார்கள். சாலைகள் துடைத்து வைத்தாற்போல் இருக்கின்றன. கட்டடங்கள் வானத்தை முட்டுகின்றன. ஓட்டுநர் இல்லாமலே ரயில் ஓடுகிறது. எல்லாம் உண்மையே. துபாயில் 828 மீட்டர் உயரமுள்ள கோபுரம் 2010 முதல் நிற்கிறது. ஓட்டுநரில்லாத ரயில் 2009 முதல் ஓடுகிறது. ஆயினும் இவற்றைச் சொல்ல விமானம் ஏற வேண்டுமா? நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செல்போனில் பார்த்துவிட்டே சொல்லிவிடலாம். எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கள் இந்த விஷயத்தில் நம் பள்ளிக்கூடங்களைவிடக் கெட்டிக்காரர்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரனிடம் அவர்கள் கோபுரத்தின் உயரத்தை விசாரிப்பதில்லை. “அங்கெ சோறு கிட்டுமா மக்களே? ஒரு முறியிலெ எத்தற பேரு கெடக்கிய?” என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் பேச்சில் முறி என்றால் அறை.

சோற்றைப் பற்றிய அந்தக் கேள்வியை ஒரு பிள்ளை பின்லாந்துக்குக் கொண்டு போயிருந்தால் என்ன கண்டிருக்கும் என்று நான் சில சமயம் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஜனவரி மாதத்து ஹெல்சிங்கி நகரில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன் எழுவான். அந்த இருளிலும் பனியிலும் பள்ளிக்கு வரும் குழந்தைகள் அனைவருக்கும் நடுப்பகலில் இலவசமாகச் சூடான உணவு கிடைக்கிறது. இதற்கான சட்டத்தைப் பின்லாந்து 1943-ல், யுத்தத்தின் நடுவே இயற்றியது. 1948 முதல் அது நாடெங்கும் அமலுக்கு வந்தது. நம் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவை விரிவாகத் தொடங்கியது 1956-ல். பணக்கார தேசமான பிறகு பின்லாந்து சோறு போடத் தொடங்கவில்லை; யுத்தத்தில் அடிபட்டு வறண்டிருந்தபோதே தொடங்கியது. நம் பள்ளியில் தட்டேந்தி வரிசையில் நின்ற பிள்ளை, அங்கே தட்டேந்தி நிற்கும் பிள்ளையைக் கண்டால், அது வேடிக்கை பார்த்ததாகாது, உறவினரைக் கண்டதாகும். ஆனால் நம் வரிசைக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதைப் புறப்படுவதற்கு முன்பே அதற்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பழைய பாத்தியதையும் உண்டு. தொடுவெட்டி என்று முன்னாளில் வழங்கிய மார்த்தாண்டத்துக்கே ஒரு காலத்தில் அயலார் படிக்க வந்தார்கள். அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1920-களில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தார் இங்கே ஒரு கிராமப் புனருத்தாரண நிலையம் ஏற்படுத்தினார்கள். பட்டணத்து வாலிபர்களுக்காகப் பிறந்த அந்தச் சங்கத்தைக் கிராமத்தின் பக்கம் திருப்பிவிட்டவர், அதன் முதல் இந்தியப் பொதுச் செயலாளரும் சேலத்தில் பிறந்தவருமான கே. டி. பால். நிலையத்தை நடத்தியவர் டாக்டர் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர். நல்ல ஜாதிக் கோழி, பனைவெல்லம், முட்டை விற்பனைக்குக் கூட்டுறவு என்று அவர் கைவைத்த காரியங்கள் யாவும் ஏழைக் குடியானவனின் மடிச்சீலைக்கு எட்டக்கூடியவையாகவே இருந்தன. அவற்றுள் நிலைத்து நின்றது தேனீ. மரப்பொந்தில் புகையிட்டுக் கூட்டைப் பிழிந்து அழித்துத் தேன் எடுத்தவர்களுக்கு, சட்டங்களைக் கழற்றி மாட்டும் பெட்டியில் தேனீயை வளர்த்து, கூடு சிதையாமல் தேன் எடுக்கும் வித்தை கற்பிக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு கொள்ளை நோய் தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. இங்குள்ளவர்கள் எஞ்சியவற்றிலிருந்து மீண்டும் பெருக்கினார்கள். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த நிலையத்தில் ஆண்டுதோறும் சில வாரங்கள் ஒரு பயிற்சிப் பள்ளி நடந்துவந்தது. தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் படித்தவர்கள் வந்து தங்கி, கிராம வேலையைக் கையால் செய்து கற்றார்கள். அவர்களும் கூட்டமாக வந்து சில வாரங்களில் திரும்பியவர்கள்தாம். ஆனால் வந்தவர்களுக்கு ஒரு வேலை இருந்தது. தன் ஊரில் எது நடக்கவில்லை, அது இங்கே எப்படி நடக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியிருந்தது. ஹாட்சே பிற்காலத்தில் பரோடா சமஸ்தானத்திலும், மெக்ஸிகோவிலும், இலங்கையிலும் இத்தகைய பணி செய்தார். தொடுவெட்டிச் சந்தைப் பக்கத்தில் பழகிய ஒரு முறை கடல் கடந்து போயிற்று என்று நாங்கள் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

பெருமை ஒருபுறமிருக்க, நம் பிள்ளைகளின் நிலைமையைப் பாருங்கள். ஒரு நாள் வகுப்பில், “நம் ஊரில் ரப்பர்த் தேன் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும், “பூவிலிருந்து சார்” என்றார்கள். ரப்பர் மரம் இலை உதிர்த்து ஜனவரி முதல் தளிர் விடும்போது, இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் கசியும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. எங்கள் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி பூவைக் காணாத தேன். ரப்பர்த் தோட்டத்தின் நடுவே நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இதைக் கண்டதில்லை. கண்டதில்லை என்பதைவிட, பார் என்று யாரும் சொன்னதில்லை என்பதே சரி. அந்த ‘யாரும்’ என்பதில் நானும் அடக்கம்.

இதற்குப் பிறகுதான், பத்தாம் வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன்: “உன்னை ஐந்து நாள் ஷார்ஜாவுக்கு அழைத்துச் சென்றால் எதைப் பார்ப்பாய்?” பலர் கோபுரத்தை எழுதினார்கள். சிலர் புத்தகக் கண்காட்சியை எழுதினார்கள். அது 1982 முதல் நடைபெறுவதையும், 2019-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோ ஷார்ஜாவை அறிவித்ததையும் ஒரு பையன் தேடிப் பிடித்து எழுதியிருந்தான். அவனுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தேன். ஒரு மாணவி முக்கால் பக்கம்தான் எழுதியிருந்தாள். அதன் சாரம் இது:

அவளுடைய தந்தை ஷார்ஜாவில் கட்டட வேலை செய்கிறார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாதென்று சட்டம். அந்த ஓய்வில் அவர் வீட்டுக்குப் பேசுவார். அங்கே 12.30 என்றால் இங்கே 2 மணி. அங்கே 3 என்றால் இங்கே 4.30. அவள் பள்ளி விட்டு வீடு சேருவதற்குள் அவர் மறுபடி வேலைக்கு ஏறிவிடுவார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் அவளோடு பேச முடியும். பேசும்போது செல்போனில் அவர் முகமும் முகத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும் தெரியும். இரண்டு வருஷமாக அதே சுவர். “எனக்கு ஷார்ஜாவில் அந்தச் சுவருக்கு எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்” என்று முடித்திருந்தாள்.

நான் சிவப்பு மையில், “தலைப்புக்குப் பொருந்தவில்லை” என்று எழுதினேன். பத்துக்கு நான்கு மதிப்பெண்.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான், ஐம்பது கட்டுரைகளில் கேள்வி இருந்தது அந்த ஒன்றில் மட்டுமே என்பது எனக்கு உறைத்தது. ஐக்கிய அரபு நாடுகளில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் வாழ்கிறார்கள். அந்தத் தேசத்தின் சாலைகளிலும் கோபுரங்களிலும் நம்மவர் கை படாதது எவ்வளவு இருக்கும்? நம் பிள்ளைகள் அங்கே போய்க் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அதைக் கட்டியவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பார்ப்பதற்குப் பிரயாணத் திட்டத்தில் வேளை ஒதுக்குவதில்லை. விருந்தினராகச் சென்ற இடத்தில் சமையலறையை எட்டிப் பார்ப்பது மரியாதையல்ல என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கலாம். ஆனால் சமையலறையில் நிற்பவர் நம் தகப்பனாராக இருந்தால், மரியாதை எது என்பதை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் அவளை அழைத்து, சிவப்பு மையை அடித்துவிட்டு ஒன்பது போட்டேன். அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. “ஏன் சார், நேற்று தப்பாய் இருந்ததா?” என்று கேட்டாள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். வகுப்பில் அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிரயாணத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் அதிகமில்லை. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரைப் பற்றி ஒரு கேள்வி எழுதட்டும்; அதன் மறுபாதியை அயல்நாட்டில் தேடட்டும். ஐந்து நாளில் ஒரு நாளையாவது வண்டியில் ஏறாமல் ஓரிடத்தில் கழிக்கட்டும். அந்தத் தேசத்துப் பள்ளி ஒன்றில் நம் பிள்ளைகள் கேள்வி கேட்பதோடு, அவர்களும் நம்மைக் கேட்கட்டும். திரும்பிய மறுநாள் மேடையேற்றாமல், ஆறு மாதம் கழித்து எழுதச் சொல்லுங்கள். கோபுரம் அதற்குள் மறந்துபோகும். மறவாமல் நிற்பது எதுவோ அதுவே அந்தப் பிள்ளை பார்த்துவந்தது. அதை மற்றப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால், போகாதவர்களுக்கும் கொஞ்சம் போய்வந்த பலன் கிடைக்கும். போனவர்கள் சிலர், போகாதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

அந்த மாணவி அடுத்த திங்கட்கிழமை ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நான் எழுதச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு தந்தையிடம் செல்போனைத் திருப்பிக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அவர் முதலில் மறுத்திருக்கிறார், பிறகு திருப்பியிருக்கிறார். தாளில் இருந்தது இவ்வளவுதான்: “எட்டுப் பேர். கட்டிலுக்கு மேல் கட்டில். அப்பாவுக்கு மேல் கட்டில், ஏறுவதற்கு நான்கு படி. சட்டைகள் கயிற்றில் தொங்குகின்றன. கேமராவைப் பார்த்து ஒரு மாமா சிரித்தார், அவருக்குக் களியக்காவிளையாம். ஜன்னல் ஒன்று. அதற்கு வெளியே என்ன தெரியும் என்று அடுத்த வாரம் கேட்கப் போகிறேன்.”