கல்லினுள் உறையும் கனிப்பொருள்களை அறியும் முறை

கனிப்பொருள்கள் பல ஒருங்கு திரண்டு இறுகியதே பெரும்பாலும் பாறை எனப்படுவது. கனிப்பொருளாவது, இயற்கையில் உண்டாகித் திட்டமான இரசாயன அமைப்பும் ஒழுங்கான அணுவடுக்கும் உடைய திண்பொருளாம். ஆதலின், ஒரு கல் இன்ன பாறை எனத் துணிய விரும்புவோன் அதனுள் உறையும் கனிப்பொருள்கள் எவையென முதலில் அறிதல் வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுகூடம் இன்றியமையாதது எனப் பலர் எண்ணுவர். அஃது ஓரளவே உண்மை. ஒரு பேனாக்கத்தி, ஒரு கைவில்லை, ஒரு தையலூசி, மெருகிடாத ஓட்டுத்துண்டு, சிறு தராசு என்பவற்றைக் கொண்டே நெடுந்தூரம் செல்லலாம். அவற்றினும் இன்றியமையாதது பொறுமை.

சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பு மாணவன் ஒருவன் கைப்பிடியளவினதாகிய கல்லொன்றைக் கொணர்ந்தான். அது வவுனியாப் பகுதியில் அவன் தந்தையார் கிணறு வெட்டியபோது கிடைத்தது. அதன் புறமெங்கும் பொன்னிறத் துகள்கள் மின்னின. “ஐயா, இது பொன்னா?” என அவன் வினவினான். வயற்காணியை ஈடுவைத்துப் பணம் பெற்று அவ்விடத்தை மேலும் அகழ்விக்கத் தந்தையார் எண்ணியிருக்கின்றார் எனவும் கூறினான். ஆகவே அவ்வினாவுக்கு விடை ஊகமாய் இருத்தலாகாது. அக்கல்லையே எடுத்துக்காட்டாகக் கொண்டு முறையினை ஈண்டு விளக்குவாம்.

முதலாவது விதி, புதுமுகம் காண்டல். வெயிலும் மழையும் பட்ட கல்லின் புறத்தோல் அதன் இயல்பை மறைக்கும். அதனை உடைத்து, உள்முகத்தை நோக்குதல் வேண்டும். கண்ணிற் கற்சிதறல் படாவண்ணம் துணியாற் சுற்றி உடைத்தோம். உள்ளே பொன்னிறம் இல்லை! வெள்ளை, சாம்பல், கருமை, சிவப்பு என நால்வகை மணிகள் காணப்பட்டன. கரிய மணிகள் கல்லின் புறத்தை அணுகுந்தோறும் கபிலநிறமாய், பின் பொன்னிறமாய் மாறி நின்றன. ஐயத்தின் முதல் முடிச்சு இங்கே நெகிழ்ந்தது.

இரண்டாவது சோதனை வன்மை. 1812ஆம் ஆண்டில் பிரெடரிக் மோசு என்பார் பத்துக் கனிப்பொருள்களை மென்மையிலிருந்து வன்மைக்கு நிரற்படுத்தினார். அந்நிரலில் கல்சைற்று 3, பெல்சுபார் 6, குவாட்சு 7, குருந்தம் 9, வைரம் 10. கைநகம் ஏறத்தாழ 2½, கத்தியும் கண்ணாடியும் ஏறத்தாழ 5½ ஆம். வன்மை கூடியது குறைந்ததைக் கீறும். குறைந்தது கூடியதைக் கீறாது. எம் கல்லின் வெண்மணி, சாம்பல்மணி, செம்மணி மூன்றும் கத்திக்கு இணங்காது கண்ணாடியைக் கீறின. கரிய மணியோ ஊசிமுனைக்கே இடங்கொடுத்தது.

மூன்றாவது பிளவு. அணுவடுக்கிற் பிணைப்பு நலிந்த தளங்கள் வழியே கனிப்பொருள் பிளக்கும். வெண்மணிகளை ஒளியிற் சுழற்றியபோது தட்டையான முகங்கள் ஒருங்கே பளிச்சிட்டன. ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்டும் இரு பிளவுத்தளங்கள் தெரிந்தன. அவை பெல்சுபார். சாம்பல்மணிகளிலே தளம் எதுவும் இல்லை. உடைந்த கண்ணாடிபோல் வளைந்து முறிந்திருந்தன. அவை குவாட்சு. செம்மணிகளும் பிளவின்றி உருண்டு திரண்டிருந்தன. நிறமும் வன்மையும் உருவும் ஒருங்கு நோக்க, அவை கார்னெற்று எனக் கொண்டோம்.

கரிய மணிகளைப் பற்றி யான் தவறினேன் என்பதை மறைத்தற்கில்லை. முதல் நோக்கில் அவற்றைக் கோண்பிளெண்டு என்றே மாணவர்க்குக் கூறிவிட்டேன். ஊசிமுனையால் நெம்பியபோது அவை ஏடு ஏடாக உரிந்தன. உரிந்த ஏடு வளைத்து விட்டவுடன் நிமிர்ந்தது. கோண்பிளெண்டு அவ்வாறு உரியாது. அவை கருமைக்கா, அதாவது பயோற்றைற்று. கரும்பலகையில் எழுதியதை மாணவர் முன்னிலையிலே அழித்து எழுதினேன்.

இனிப் பொன்னிறத் துகள். பொன் தட்டினால் தகடாகுமேயன்றித் தூளாகாது; மெருகிடாத ஓட்டில் உரைத்தால் பொன்னிறக் கீறலே இடும். பொன்னெனப் பலரை மயக்கும் பைரைற்று கருமையான கீறலிடும். எம் துகளோ ஊசிக்கு ஏடாய் உரிந்தது. ஓட்டில் நிறமற்ற தூளையே விட்டது. அதுவும் மைக்காவே. காற்றும் நீரும் கருமைக்காவைச் சிதைக்கையில் அது பொன்போல் மின்னுதல் இயல்பு.

நிறையும் இதனை உறுதிசெய்தது. கல் காற்றில் 270 கிராமும், நூலிற் கட்டி நீரில் அமிழ்த்தியபோது 170 கிராமும் நின்றது. குறைந்த 100 ஆல் 270ஐ வகுக்கத் தன்னீர்ப்பு 2.7 ஆயிற்று. பொன்னின் தன்னீர்ப்பு 19.3. புறத்தோலைப் பொடித்து நீரில் அரித்தபோது, மின்னிய துகள்கள் நீரோடு ஒழுகின. பொன்னாயின் அவை அடியிற் படிந்திருக்கும். இறுதியாக, நீர்த்த ஐதரோக்குளோரிக்கமிலம் ஒரு துளி விட்டோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் அத்துளிக்கு நுரைத்தெழும், இக்கல் வாளாவிருந்தது. ஆகவே கல்சைற்று இன்று. வெளிர்மணிகளும் கருமைக்காவும் பட்டைபட்டையாய் அமைந்திருந்தமையால், இக்கல் நைசு எனப்படும் உருமாறிய பாறை எனத் துணிந்தோம். வன்னியின் அடித்தளத்திற் பெரிதும் காணப்படுவது அதுவே.

தருக்க நூலார் காட்சியின் குற்றங்களாக ஐயத்தையும் திரிபையும் கூறுவர். இப்பியை வெள்ளியெனக் காண்டல் திரிபு. நிறம் ஒன்றையே சாட்சியாகக் கொள்வோன் அத்திரிபில் வீழ்வான். வன்மை, பிளவு, கீறல், நிறை என ஒன்றையொன்று சாராத பல சாட்சிகள் ஒன்றையே சொல்லுமாயின் அத்துணிபு நிலைக்கும். ஒன்றேனும் மாறுபடின், முடிபை நிறுத்திவைத்தல் அறிவுடைமை.

இவ்வெச்சரிக்கை மாணவர்க்கு மட்டும் உரியதன்று. ஆனந்த குமாரசுவாமி, இந்நாட்டுக் கனிப்பொருளளவையின் தலைவராய் இருந்த காலத்து, 1904இல் பலாங்கொடைப் பகுதியிலே கரிய, பாரமான கனசதுரப் பளிங்குகளைக் கண்டார். அவை முதலில் யுரேனியத் தாதுவாகிய யுரேனினைற்று எனவே கருதப்பட்டன. டன்சுதன் என்பாரின் இரசாயனப் பகுப்பு அவை பெரிதும் தோரியம் ஒட்சைட்டு எனக் காட்டிற்று. தோரியனைற்று என்னும் பெயர் பிறந்தது. அவ்வாறே இலங்கை மணற்படிவுகளிற் கிடைத்த கபிலநிற மணியொன்று நெடுங்காலம் ஒலிவின் என மதிக்கப்பட்டது. நிறமும் வன்மையும் ஒத்திருந்தன. தன்னீர்ப்பு மட்டும் சற்று மிகுந்து 3.48 ஆய் நின்றது. 1952இலே எக்சுக்கதிர்ச் சோதனையும் இரசாயனப் பகுப்பும் அது மகனீசியம், அலுமினியம், போரன் அடங்கிய புதுக் கனிப்பொருள் என நிறுவின. சிங்கலைற்று என இந்நாட்டின் பெயரையே அது பெற்றது. ஒவ்வாத ஒரு சாட்சியைப் புறக்கணியாமையே அறிவின் வாயில் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கையினால் துணிய இயலாதவற்றை 0.03 மில்லிமீற்றர் தடிப்பினதாய்ச் சீவி, முனைவாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டியால் ஆராய்வர். ஆயினும் ஆங்கும் முறை இதுவே.

மாணவன் தந்தையார் விடைகேட்டு மகிழ்ந்திலர். எனினும் காணி ஈடுவைக்கப்படவில்லை. கிணறு வெட்டி முடிக்கப்பட்டது. அக்கல் இன்றும் எம் வகுப்பறை அலுமாரியில் உளது. அதன் கீழுள்ள சீட்டிலே, முதலில் எழுதிய பெயர் அடிக்கப்பட்டு, சரியான பெயர் அதனருகே எழுதப்பட்டிருக்கின்றது. அடித்த பெயரை யான் நீக்கவில்லை.