வெயில் காயும் ஊரில் எலும்பு நோவது ஏன்?

கரும்பும் மரவள்ளியும் விளையும் கள்ளக்குறிச்சியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. “நாள் முழுக்கக் காட்டில் கிடக்கிற எனக்கா வைட்டமின் டி குறைச்சல்?” என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். இதே போன்ற வெயில் அடிக்கும் திருப்பதி பகுதியில் ஆரோக்கியமானவர்களைப் பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. கிராமத்து ஆண்களில் நூற்றுக்கு 44 பேருக்கும் பெண்களில் 70 பேருக்கும் வைட்டமின் டி குறைவாக இருந்தது. அவர்கள் உணவில் கால்சியமும் போதவில்லை.

வெயில் இருந்தும் ஏன் குறைகிறது?

சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிர் தோலில் நேராகப் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும். கரும்பு வெட்டப் போகும் பெண் சோகை கீறாமலிருக்கச் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டும் கட்டிக்கொள்கிறார். அவர் உடம்பில் வெயில் படும் இடம் முகமும் புறங்கையும்தான். கல்வராயன் மலையில் மழையும் பனிமூட்டமும் சூழும் மாதங்களில் ஒளியே குறையும். கடையிலும் அலுவலகத்திலும் இருப்பவர்களுக்குக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் உதவாது. அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

விடிந்ததும் இளவெயிலில் நின்றால் போதும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. அந்நேரம் கதிர் சாய்வாக வருவதால் புற ஊதா பி மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பலன் தரும். கை, கால், முகத்தில் வெயில் படும்படி வாரத்தில் சில நாள் 20 முதல் 30 நிமிடம் நிற்கலாம். கோடையில் உச்சி வெயிலைத் தவிர்த்து 10 மணியை ஒட்டி நிற்பது நல்லது.

எப்படி அடையாளம் காண்பது?

கை கால் குடைச்சல், இடுப்பு வலி, முன்னங்கால் எலும்பை அழுத்தினால் நோவு ஆகியவை பொதுவான அறிகுறிகள். குந்தி உட்கார்ந்தவர் முட்டியில் கையூன்றி எழுவதும், படியேறத் திணறுவதும், அசைந்து அசைந்து நடப்பதும் தசை தளர்ந்ததைக் காட்டும். இதை வாதம் என்றோ வயசு என்றோ தள்ளிவிடுவதால் சிகிச்சை தாமதமாகிறது.

குழந்தை நடக்கத் தாமதமாவது, மணிக்கட்டு தடிப்பது, கால் வளைவது ஆகியவை வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோயின் அறிகுறிகள். சேலம், தர்மபுரி பகுதிகளில் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடும் கால் வளைவை உண்டாக்கும் என்பதால் குடிநீரைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறும் அசதிக்கு இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோயும் காரணமாகலாம்.

யாருக்குப் பரிசோதனை?

எல்லோருக்கும் தேவையில்லை. மேற்சொன்ன தொல்லை உள்ளவர்கள், சிறுநீரக, கல்லீரல் நோயாளிகள், வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். ‘25-ஹைட்ராக்சி வைட்டமின் டி’ என்பதே உரிய இரத்தப் பரிசோதனை. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்று பொதுவாகக் கொள்வார்கள். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் 2022-இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மருந்து: வாரம் ஒன்றுதான்

பெரியவர்களுக்கு 60,000 யூனிட் வைட்டமின் டி-யை வாரம் ஒருமுறை, 8 வாரம் கொடுப்பது வழக்கம். பிறகு அளவைக் குறைப்பார்கள். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் பாலுடனோ, சாப்பாட்டுக்குப் பின்போ எடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். வாரம் ஒன்றை நாளுக்கு ஒன்றாக விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. வாரச்சந்தை கூடும் கிழமையை மருந்துக்கும் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

கேட்டு வாங்கி ஊசிமேல் ஊசி போட்டுக்கொள்வதும் கூடாது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் வரும், சிறுநீரகமும் கெடும். கைக்குழந்தைக்கு நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்தை மருத்துவர் சொற்படி கொடுக்கவும்.

தட்டில் கால்சியம் வேண்டும்

வைட்டமின் டி-யின் வேலை உணவிலுள்ள கால்சியத்தை உடம்பில் சேர்ப்பது. தட்டில் கால்சியமே இல்லையென்றால் அது எதைச் சேர்க்கும்? பெரியவருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். ரேஷன் அரிசி, மரவள்ளி, மலையில் விளையும் சாமை மூன்றிலும் அது குறைவு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. முளைகட்டிக் கூழாக்கினால் உடம்பு அதை எளிதாக எடுத்துக்கொள்ளும். மோர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடு ஆகியவற்றையும் சேர்க்கலாம். முட்டை மஞ்சள் கருவிலும் மத்தி மீனிலும் வைட்டமின் டி இருந்தாலும், குறைபாட்டைத் தீர்க்கும் அளவுக்கு இல்லை.

எத்தனை நாளில் குணம்?

தசை வலு சில வாரங்களில் திரும்பத் தொடங்கும். எலும்பு நோவு அடங்க மாதங்கள் ஆகலாம். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்துகொள்ளலாம். அளவு சரியாகியும் வலி விடவில்லை என்றால் மாத்திரையை நீட்டாதீர்கள். வலிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.