உப்பு கசியும் நாளில்

மாரி தொடங்கி இரண்டு கிழமை. குசினியில் உப்புப் போத்தலின் அடியில் நீர் கசிந்து நிற்கிறது. சோளகக் காலத்தில் குருநகரில் வாங்கி, பேணியில் அடைத்து வைத்த கட்டாக் கருவாட்டைத் திறந்தால், சாம்பல் தூவினாற்போல் பூஞ்சணம். வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் தீர்ப்பு உடனே வரும்: "பூஞ்சணம் தானே பிள்ளை, துணியால துடைச்சுப்போட்டு வெயில்ல வை."

துடைத்தால் போவது எது, போகாதது எது?

1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் ஈரல் கெட்டுச் செத்தன. அவை தின்ற தீனியில் பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கு இருந்தது. அதே காலத்தில் அமெரிக்க மீன் பண்ணைகளில் வளர்ந்த வானவில் திரவுட் மீன்களின் ஈரலில் கூட்டங்கூட்டமாகப் புற்றுநோய் கண்டது. அங்கே பழி பருத்திவிதைப் பிண்ணாக்கின் மேல் விழுந்தது. இரண்டு பிண்ணாக்கிலும் இருந்தது ஒரே வகை நஞ்சு. அஸ்பெர்ஜிலஸ் பிளேவஸ் என்ற பங்கசு சுரந்தது என்பதால், அதன் பெயரிலிருந்தே எழுத்தெடுத்து அஃப்லாடொக்சின் என்று பெயர் வைத்தார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதலாம் வகுப்பில் சேர்த்திருக்கிறது.

கச்சானுக்கும் சோளத்துக்கும் உரிய இந்த எதிரி கருவாட்டிலும் குடியேறுமா? ஆய்வாளர்களான ஆர். அத்தபத்துவும் உபாலி சமரஜீவவும் இலங்கைக் கடைகளில் வாங்கிய 61 கருவாட்டு மாதிரிகளைப் பரிசோதித்து 1990 இல் முடிவை வெளியிட்டார்கள். 25 இல் பங்கசு இருந்தது. அதிகம் கண்டது கறுப்பு நிற அஸ்பெர்ஜிலஸ் நைகர். பிளேவசும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இங்கே ஒரு சிக்கல். நைகர் அஃப்லாடொக்சின் சுரப்பதில்லை. பிளேவஸ் இனத்திலும் எல்லாக் குலங்களும் சுரப்பதில்லை. ஆகவே பூஞ்சணம் தெரிந்தால் நஞ்சும் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. மறுபக்கம், நஞ்சைச் சுரந்துவிட்டுப் பங்கசு காய்ந்து உதிர்ந்தும் போயிருக்கலாம். அப்போது கருவாடு பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், நஞ்சு உள்ளே இருக்கும். நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கண்ணுக்கு எட்டாத இந்த இடத்தில்தான் ஆய்வுகூடத்தின் வேலை தொடங்குகிறது.

தேடவேண்டிய அளவைப் பாருங்கள். ஐரோப்பாவில் நேரடியாக உண்ணும் கச்சானில் பி1 என்ற அஃப்லாடொக்சின் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. தூளுப்பில் ஒரேயொரு பரலை எடுத்து 30 கிலோ கச்சானில் கலந்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும்.

அதனால் முதல் கவலையே மாதிரி எடுப்பதுதான். நஞ்சு மூட்டை முழுதும் சமமாகப் பரவியிருக்காது. ஒரு துண்டில் நிறைய இருக்கும், பக்கத்துத் துண்டில் ஒன்றுமே இராது. ஆகவே பல இடங்களிலிருந்தும் எடுத்து, அரைத்து, கலக்க வேண்டும். பிறகு மெதனோலும் நீரும் கலந்த கரைசலில் ஊறவைத்து வடிப்பார்கள். மீனின் கொழுப்பும் புரதமும் உப்பும் சேர்ந்தே வருவதால் வடிநீரை விரலளவுக் குழாய் ஒன்றினூடாக விடுவார்கள். அதற்குள் அஃப்லாடொக்சினை மட்டும் பிடித்துக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் பதிக்கப்பட்டிருக்கும். மற்றதெல்லாம் கழுவப்பட்டுப் போக, பிடிபட்டதை மெதனோலால் கழற்றி எடுப்பார்கள்.

அடுத்தது வெளிச்சத்தின் வேலை. கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி பட்டால் அஃப்லாடொக்சின் ஒளிரும். பி வகை நீலமாகவும் ஜி வகை பச்சையாகவும் மின்னும். அந்த எழுத்துகளே ஆங்கில நிறப்பெயர்களின் முதலெழுத்துகள்தான். அந்நாளில் மெல்லிய தகட்டில் பிரித்து விளக்கின்கீழ் கண்ணால் பார்த்தார்கள். இன்று உயர் அழுத்த நிறப்பகுப்புக் கருவி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, மினுக்கத்தை அளந்து எண்ணாகச் சொல்கிறது. கருவி சொல்வதை நம்பலாமா என்று பார்க்க, நஞ்சில்லாத மீனில் அளந்த அஃப்லாடொக்சினைத் தாங்களே கலந்து, போட்டது திரும்பக் கிடைக்கிறதா என்றும் சோதிப்பார்கள்.

சமைத்தால் போய்விடாதா? கொதிக்கும் குழம்பு 100 பாகையைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. பொரிக்கும் எண்ணெய் ஏறக்குறைய 180. பி1 உருகவே 268 பாகை செல்சியஸ் வேண்டும். அடுப்பை நம்பி இருக்க முடியாது.

வெயில்? மூத்தவர் சொன்னதில் பாதி சரி. தேங்காயெண்ணெயிலுள்ள அஃப்லாடொக்சினைச் சூரிய ஒளி சிதைக்கும் என்று காட்டியவர்களில் அதே சமரஜீவவும் ஒருவர். ஆனால் எண்ணெய்க்குள் ஒளி புகும், கருவாட்டுச் சதைக்குள் அப்படிப் புகாது. வெயிலின் பெரிய உதவி பூஞ்சணம் வந்த பிறகு அல்ல, வருமுன்.

ஏனென்றால் பங்கசுக்கு வேண்டியது தண்ணீர். மீனில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைவிட, அதில் பங்கசு உறிஞ்சக்கூடியது எவ்வளவு என்பதே முக்கியம். உப்பு நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்ளும். தூய நீரின் தொழிற்பாட்டை 1 என்று வைத்தால், உப்பு இனிமேல் கரையாது என்ற நிலையிலுள்ள நீரில் அது 0.75. பிளேவஸ் வளர ஏறக்குறைய 0.80 வேண்டும். உப்பை விரும்பும் சில பங்கசுகள் அதற்குக் கீழும் தாக்குப்பிடிக்கும். ஆனால் நன்றாக உப்பேறி நன்றாகக் காய்ந்த கருவாட்டில் பிளேவசுக்கு இடமில்லை.

மாரியில் உப்பு என்ற இந்தக் காவலாளியே கட்சி மாறுகிறான். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருந்தால் அதற்கு முன்பே. குசினிப் போத்தலில் கசிந்தது அந்த நீர்தான். மூடி சரியாகப் பொருந்தாத பேணிக்குள் கருவாட்டின் மேலிருக்கும் உப்பும் அதையேதான் செய்துகொண்டிருக்கும்.

எனவே உப்புப் போத்தல் கசிந்தால், அன்றைக்கே கருவாட்டுப் பேணியைத் திறந்து பாருங்கள். இளகியிருந்தால் அடுத்த வெயிலில் போட்டு, காற்றுப் புகாமல் அடையுங்கள். பூஞ்சணம் ஏறியிருந்தால் துடைக்க வேண்டாம், புதைத்துவிடுங்கள். கோழிக்கும் போடாதீர்கள், இந்த நஞ்சை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது வான்கோழிகள்தான்.