ஒரே ஏட்டில் பல கைகள்

ஒரு வட்டாரத்திலுள்ள கிணறுகளைக் கணக்கெடுக்கும் வேலை மூன்று ஊழியர்களிடம் ஒப்புவிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அட்டவணைக் கோப்பு மின்னஞ்சல் மூலம் மூவருக்கும் அனுப்பப்படுகிறது. மூவரும் தத்தம் கணினியில் அதை நிரப்பித் திருப்பி அனுப்புகின்றனர். இப்பொழுது அலுவலகத்தில் ஒரு கோப்புக்குப் பதிலாக நான்கு கோப்புகள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டுக்கு ‘இறுதி’ என்றே பெயர். மூன்றாமவர் தம் பிரதியைப் பொது இடத்தில் சேமித்த அக்கணமே, முதலாமவர் மூன்று நாட்கள் வெயிலில் நடந்து எழுதிய எண்கள் மறைந்துபோகக்கூடும். இதில் எவரும் தவறு செய்யவில்லை. பின்னே வந்த பிரதி முன்னதன்மேல் அமர்ந்துவிட்டது, அவ்வளவே.

முழுக் கோப்பையும் ஆளுக்கு ஆள் அனுப்பும் வழக்கத்தினால் விளையும் தொல்லை இது. இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளின் வழியே நடைபெறும் கூட்டு எழுத்தில் கோப்பு ஒரே இடத்தில் நிற்கிறது. அதில் செய்யப்படும் மாற்றங்கள் மட்டும் பயணம் செய்கின்றன. ஒருவர் ஓர் எழுத்தைத் தட்டினால், ‘இன்ன இடத்தில் இன்ன எழுத்தைச் சேர்க்க’ என்ற சிறு கட்டளை மற்றவர்களின் திரைக்குச் சென்று சேர்கிறது.

இந்த எண்ணம் புதியதன்று. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, ஸான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலார், சுமார் 30 மைல் தொலைவிலிருந்த தம் சகாவுடன் ஒரே திரையில் ஒரே ஆவணத்தைக் கையாண்டு காட்டினார். 1990இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள ஸெர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் உலாவியும் பக்கங்களைப் படிப்பதற்கு மட்டுமின்றி, எழுதித் திருத்துவதற்கும் இடந்தந்தது. அதன்பின் பரவிய உலாவிகளோ பெரும்பாலும் படிக்கும் கருவிகளாகவே நின்றுவிட்டன. எழுதும் வசதி பொதுமக்களின் கைக்கு மீண்டும் வந்தது 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். சென்னையில் உருவான ஸோஹோ ரைட்டர் 2005இலும், கூகிள் டாக்ஸ் 2006இலும், ஈதர்பேட் 2008இலும் வெளிவந்தன. இவற்றுள் ஈதர்பேடின் நிரல் 2009இல் யாவருக்கும் திறந்துவிடப்பட்டதால், விரும்பும் அலுவலகமோ கல்லூரியோ அதைத் தன் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

மாற்றங்களை அனுப்புவது எளிது. ஒரே நொடியில் இருவர் எழுதும்போது அவை ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதே கடினம். ஏட்டில் ‘கிணற்றில் நீர் உண்டு’ என்ற வரி இருக்கிறது. முதல் ஊழியர் வரியின் தொடக்கத்தில் ‘புதிய’ என்ற சொல்லைச் சேர்க்கிறார். அதே கணத்தில், கிணறு வற்றியிருப்பதை நேரில் கண்ட இரண்டாம் ஊழியர், மூன்றாம் சொல்லை நீக்கி ‘இல்லை’ என்று எழுதுகிறார். அவருடைய திரையில் வரி ஒழுங்காகவே அமைகிறது: ‘புதிய கிணற்றில் நீர் இல்லை.’ ஆனால் முதலாமவரின் கணினியில் ஏற்கெனவே ஒரு சொல் முன்னே சேர்ந்துவிட்டது. அங்கே மூன்றாம் சொல் ‘நீர்’. ‘மூன்றாம் சொல்லை மாற்றுக’ என்ற கட்டளையை அக்கணினி அப்படியே நிறைவேற்றினால், ‘புதிய கிணற்றில் இல்லை உண்டு’ என்ற பொருளற்ற வரி கிடைக்கும். ஒரே ஏடு இரு திரைகளில் இரு விதமாகிவிடும்.

1989இல் கிளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் ஆகிய இருவர் இதற்கு ஒரு வழி கண்டனர். வந்து சேரும் கட்டளையை உடனே நிறைவேற்றலாகாது. அது புறப்பட்டபின் இவ்விடத்தில் நேர்ந்த மாற்றங்களுக்கு ஏற்ப முதலில் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவ்வழி. மேற்கூறிய உதாரணத்தில், முன்னே ஒரு சொல் சேர்ந்திருப்பதால் ‘மூன்றாம் சொல்’ என்பது ‘நான்காம் சொல்’ எனத் திருத்தப்படும். இரு திரைகளும் ஒத்துப்போகும். கூகிள் டாக்ஸ் இம்முறையையே கையாள்கிறது. உண்மையில் கணினி எண்ணுவது சொற்களை அன்று, குறியீடுகளை. தமிழில் ‘கி’ என்னும் ஓரெழுத்தே கணினிக்கு ககரம் ஒன்று, இகரக்குறி ஒன்று என இரண்டு குறியீடுகளாகும். திருத்தும்போது சில வேளைகளில் எழுத்து மறையாமல் அதன் கொம்போ விசிறியோ மட்டும் மறைவதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவதொரு முறை 2011இல் மார்க் ஷாப்பிரோவும் அவருடைய சகாக்களும் வகுத்தளித்த கோட்பாட்டைச் சார்ந்தது. இதில் ஒவ்வோர் எழுத்துக்கும் மாறாத தனி அடையாளம் ஒன்று இடப்படுகிறது. கட்டளைகள் ‘மூன்றாவது’, ‘நான்காவது’ என்று இடத்தைச் சுட்டாமல், அந்த அடையாளத்தையே சுட்டுகின்றன. ஆதலால் அவை எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் முடிவு ஒன்றே. நடுநின்று தீர்க்கும் மையக் கணினியும் அவசியமில்லை. இணைப்புக் கிடைக்காத மலைப்பகுதிகளில் வேலை செய்து, மாலையில் திரும்பி வந்து சேர்க்கும் ஊழியர்களுக்கு இம்முறை பெரிதும் ஏற்றது. கூகிள் டாக்ஸ் போன்றவற்றிலும் இணைப்பின்றி எழுதலாம்; எனினும் அவ்வசதியைப் புறப்படுவதற்கு முன்பே இயக்கி வைத்திருக்க வேண்டும். களத்தில் போய் நின்றபின் அதைத் தேடிப் பயனில்லை.

இவ்விரு முறைகளும் எல்லாத் திரைகளையும் ஒன்றுபடுத்தும். எழுதியது சரியா என்று அவை அறியமாட்டா. ஒரே கிணற்றின் ஆழத்தை ஒருவர் 12 மீட்டர் என்றும் மற்றவர் 14 மீட்டர் என்றும் ஒரே கட்டத்தில் எழுதினால், பெரும்பாலான அட்டவணைச் செயலிகளில் பின்னே வந்த எண்ணே நிற்கும். முதல் எண் பழம் பதிப்புகளின் வரலாற்றில் இருக்குமேயன்றி ஏட்டில் இராது. ஆகவே, இன்ன ஊரின் வரிசைகளை இன்னார்தாம் நிரப்புவது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வதும், ஐயமுள்ள எண்ணை அழிக்காமல் அதன் அருகே குறிப்பு எழுதுவதும் நல்ல பழக்கங்கள்.

கூட்டாக எழுதத் தேவையில்லாமல், ஒரு படத்தையோ பாடக்குறிப்பையோ கொடுத்து வாங்கினால் போதும் என்ற நிலையும் உண்டு. இதற்கு இரு உலாவிகளை நேரடியாக இணைக்கும் வெப்ஆர்டிசி என்னும் முறை உதவுகிறது. 2011இல் அதன் நிரல் வெளியிடப்பட்டது. 2021இல் உலகளாவிய இணையக் கூட்டமைப்பின் தர நிர்ணயமாயிற்று. இதில் ஒரு சேவையகம் இரு கணினிகளுக்கும் அறிமுகம் மட்டும் செய்து வைக்கும். பின்னர் கோப்பு சிறு துண்டுகளாகி, மறையாக்கம் செய்யப்பட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். இரு கணினிகளும் ஒரே பள்ளியின் வைஃபையில் இருந்தால், கோப்பு பெரும்பாலும் அவ்வளாகத்தைவிட்டு வெளியே போவதே இல்லை, டேட்டாவும் செலவாவதில்லை. ரூட்டரோ பாதுகாப்பு அரணோ நேர்வழியை மறித்தால், இடைநிலைக் கணினி ஒன்று துண்டுகளை வாங்கிக் கொடுக்கும். ஒரு குறை யாதெனில், வேலை முடியும்வரை இருவரும் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ஒருவர் மூடினால் பரிமாற்றம் நின்றுவிடும்.

மையத்தில் வைக்கப்படும் கோப்புகளிலோ கவலை வேறு. அங்கே பார்த்தல், கருத்துரைத்தல், திருத்துதல் என மூன்று உரிமைகள் உண்டு. இவற்றைப் பெயர் குறித்து வழங்கலாம். அல்லது ‘இணைப்பு முகவரி கிடைத்த எவரும்’ என்று பொதுவாகவும் வழங்கலாம். இரண்டாவது வழி சௌகரியமானது என்பதால் பலரும் அதையே தேர்கின்றனர். அம்முகவரி ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விட்டால், மாணவர்களின் பெயர், மதிப்பெண், பெற்றோரின் தொலைபேசி எண் ஆகிய அனைத்தும் அதனுடனேயே போகும். அத்தகைய ஏடுகளுக்குப் பெயர் குறித்த உரிமையே தகும். கணக்கெடுப்பு முடிந்த அன்றே, ஏட்டின் உரிமையாளர் மற்றவர்களின் திருத்தும் உரிமையைப் பார்க்கும் உரிமையாகக் குறைத்துவிட்டு, ஒரு பிரதியை அலுவலகக் கணினியில் தனியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும்.