சூரிய விளக்கும் உள்ளூர்த் தொழில் முனைவோரும்

விளக்கு எரிவதற்கு எண்ணெயும் திரியும் இருந்தால் மட்டும் போதாது. தூண்டிவிட ஒரு கையும் வேண்டும். சூரிய விளக்கிற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

நமது வட்டாரத்தின் மலையடிவாரக் குக்கிராமம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சூரிய ஒளித் தெருவிளக்குகள் நாட்டப்பட்டன. ஊரார் மகிழ்ந்தனர். ஈராண்டு கழிவதற்குள் அவை ஒவ்வொன்றாக அணைந்தன. சோதித்துப் பார்த்தபொழுது பலகைகள் பழுதின்றி இருந்தன. பாட்டரிகளே வலுவிழந்து போயிருந்தன. அவற்றை மாற்ற வேண்டியவரோ தொலைதூர நகரத்தில் இருந்தார். விளக்கை நாட்டத் திட்டமிட்ட நாம், அதைப் பேணுவதற்கு ஊரில் ஓர் ஆளை ஏற்படுத்தத் தவறினோம். இக்குறையை ஒப்புக்கொள்வதே அதனைத் திருத்துவதற்கு முதற்படியாகும்.

கருநாடகம் காட்டும் வழி

அண்டை மாநிலமாகிய கருநாடகத்தில் இதற்கு ஒரு நல்ல மாதிரி உண்டு. 1995ஆம் ஆண்டில் ஹரீஷ் ஹாண்டே என்னும் பொறியாளரும் நெவில் வில்லியம்ஸ் என்பவரும் பெங்களூரில் ‘செல்கோ’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஏழைகள் சூரிய விளக்கு வாங்க இயலாதவர்கள் என்றும், வாங்கினாலும் பராமரிக்க மாட்டார்கள் என்றும் அந்நாளில் பலர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் தவறு என்பதை அந்நிறுவனம் செயலிற் காட்டியது. இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் அதன் விளக்குகள் ஒளிர்ந்தன. 2011ஆம் ஆண்டில் ஹாண்டே அவர்களுக்கு மகசேசே விருது வழங்கப்பெற்றது.

அவர்கள் கடைப்பிடித்த முறைகள் மூன்று. முதலாவது, விளக்கை இலவசமாகத் தராமல், கிராம வங்கிகள், கூட்டுறவு வங்கிகள் முதலியவற்றின் கடனுதவியுடன் விற்றனர். இரண்டாவது, வாங்குவோர் வாழும் பகுதியிலேயே பழுது பார்க்கும் நிலையங்களை அமைத்தனர். மூன்றாவது, அவரவர் தொழிலுக்கேற்ப விளக்கை அமைத்துக் கொடுத்தனர். இரவில் மலர் பறிப்போருக்கும், பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சியருக்கும் தலையில் அணியும் விளக்குகள் கிடைத்தன.

தவணை முறையில் அவர்கள் கற்ற பாடம் நினைவிற் கொள்ளத்தக்கது. தெருவோர வியாபாரிக்கு மாதம் 300 ரூபாய் என்பது பெருஞ்சுமை. நாளொன்றுக்கு 10 ரூபாய் என்றால் எளிது. கணக்கு ஒன்றே, ஆயினும் அன்றாடம் ஈட்டுபவர் அன்றாடமே செலுத்த வல்லவர். அறுவடையில் பணம் காணும் உழவருக்கோ அறுவடைக் காலத் தவணையே ஏற்றது.

இதனடிப்படையில் எழுந்ததே வாடகை விளக்குத் தொழில். உள்ளூர் இளைஞர் ஒருவர் வங்கிக் கடன் பெற்றுப் பெரிய பலகைகளை நிறுவுகிறார். பகலில் பாட்டரிகளுக்கு மின்னேற்றி, மாலையில் கடைதோறும் விளக்குடன் கொண்டு சேர்த்து, இரவில் வாடகையுடன் திரும்பப் பெறுகிறார். விளக்கு எரியாவிடில் அன்றைய வாடகை அவருக்கில்லை. ஆகவே, பழுதை உடனே நீக்குவது அவரது சொந்த நலனாகி விடுகிறது. இம்முறையின் உயிர்நாடி இதுவே.

அளவும் பராமரிப்பும்

ஒரு சிறு வீட்டிற்கு 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று போதும். அவை நாள்தோறும் 4 மணி நேரம் எரிய 60 வாட்-மணி மின்சாரம் வேண்டும். 40 வாட் பலகை 5 மணி நேர நல்ல வெயிலில், இழப்புகள் போகவும், இதனினும் மிகுதியாகவே தரும். 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பாட்டரியில் 240 வாட்-மணி அடங்கும். அதிற் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும், வெயிலற்ற நாட்களில் இரண்டு இரவுகளைச் சமாளிக்கலாம்.

பலகையை நிழல் படாத இடத்தில், தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்துப் பொருத்துதல் வேண்டும். அதன்மேற் படியும் தூசியை அவ்வப்போது துடைத்தல் அவசியம். நீர் ஊற்றும் வகைப் பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுதல் வேண்டும். கிணற்று நீர் அதனைக் கெடுத்துவிடும். பலகை 20 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். ஈயப் பாட்டரியோ சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியது. ஆதலின், பாட்டரிக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்காத திட்டம் நிலைபெறாது.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

நம் மாநிலத்தில் மின்கம்பி எட்டாத ஊர்கள் சிலவே. ஆயினும் காட்டோரக் குடியிருப்புகள், வயற்காட்டுக் குடிசைகள், வாரச் சந்தைகள், மாலைக் கடைகள் ஆகியவற்றிற்கு இவ்விளக்குகள் பெரிதும் பயன்படும். தொழிற்பயிற்சி நிலையத்திற் பயின்ற இளைஞரையோ, சுய உதவிக் குழுப் பெண்மணியையோ உறுப்பினர்கள் தேர்ந்து ஊக்குவிக்கலாம். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடின்றிக் கடன் பெற வழியுண்டு. விண்ணப்பம் எழுத உதவுதலும், வங்கி மேலாளரிடம் அறிமுகம் செய்தலும் ஊராட்சிக்குச் செலவில்லாப் பணிகள்.

இனி எந்த விளக்குத் திட்டம் கிராம சபைக்கு வந்தாலும், விலை என்னவென்று கேட்பதோடு நில்லாமல், அணைந்தால் மறுநாள் வந்து பார்ப்பவர் யார், அவருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்றும் கேட்போமாக. விடை கிடைத்த பின்னரே கம்பம் நாட்டக் குழி தோண்டுவோமாக.