உள்நோக்கித் திரும்பும் கண்: வளர்ந்தால் சரியாகிவிடுமா?

"மாறுகண் அதிர்ஷ்டம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள், அதனால்தான் பொறுத்திருந்தோம்." ஐந்து, ஆறு வயதுக் குழந்தையை அழைத்து வரும் பெற்றோர் சிலர் இன்றும் இவ்வாறு கூறுவதுண்டு. அவ்வாறு காத்திருக்கும் ஆண்டுகளில் குழந்தை இழப்பது முக அழகை மட்டுமன்று, பார்வையையும்தான்.

இரு கண்களும் ஒரே பொருளை நோக்கும்போது மூளை இரண்டு பிம்பங்களையும் இணைத்து ஒன்றாகக் காண்கிறது. ஒரு கண் மூக்கை நோக்கித் திரும்பிவிட்டால் பொருள் இரண்டாகத் தெரிய வேண்டும். வளரும் மூளையோ திரும்பிய கண்ணின் பிம்பத்தைப் புறக்கணித்துவிடுகிறது. ஆகவே குழந்தை எந்தக் குறையும் சொல்வதில்லை. நாளடைவில் அக்கண்ணின் பார்வைத் திறன் வளராமல் நின்றுவிடும். இதையே சோம்பேறிக் கண் என்கிறோம்.

பிறந்த முதல் மூன்று, நான்கு மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பே. அதன் பின்னரும் நீடித்தாலோ, ஒரு கண் எந்நேரமும் திரும்பியே இருந்தாலோ பரிசோதனை தேவை. சில குழந்தைகளுக்கு மூக்குத்தண்டு அகன்று, கண்ணின் உள்மூலையைத் தோல்மடிப்பு மறைப்பதால் மாறுகண் இருப்பதுபோல் தோன்றும். முகம் வளர வளர அத்தோற்றம் மறையும். வளர்ந்தால் சரியாகும் என்ற நம்பிக்கை இத்தகைய குழந்தைகளைப் பார்த்துப் பிறந்திருக்கலாம். எனினும் தோற்றம் எது, மெய் எது என்பதை வீட்டில் தீர்மானிக்க வேண்டாம்.

ஆறு மாதத்திற்குள் தொடங்கும் வகையில் கண்கள் மிகுதியாக உள்நோக்கித் திரும்பியிருக்கும். இதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே தீர்வு. இரு கண்களும் இணைந்து பார்க்கும் வாய்ப்பைக் காக்க, இரண்டு வயதுக்குள் செய்வது நல்லது. கண்ணை வெளியே எடுத்துச் செய்வதாகப் பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறன்று. மயக்க மருந்து கொடுத்து, கண்ணின் உள்பக்கத் தசையை அது பொருந்திய இடத்திலிருந்து சற்றுப் பின்னே நகர்த்தித் தைக்கிறோம். சிலருக்குப் பின்னாளில் மீண்டும் ஒரு முறை தேவைப்படலாம்.

இரண்டு, மூன்று வயதையொட்டித் தொடங்கும் வகைக்குப் பெரும்பாலும் தூரப்பார்வைக் குறையே காரணம். தெளிவாகப் பார்க்கக் கண் கூடுதலாக முயல வேண்டியிருக்கிறது. அம்முயற்சியோடு கண்கள் உள்நோக்கித் திரும்புவதும் இயற்கையிலேயே பிணைந்துள்ளது. சரியான கண்ணாடி அம்முயற்சியைக் குறைப்பதால் கண் நேராகிறது. கண்ணாடியைக் கழற்றினால் மீண்டும் திரும்பும். இதைக் கண்டு, "கண்ணாடி போட்ட பிறகுதான் கண் மோசமாயிற்று" என்று அதை அலமாரியில் வைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுவே. முன்பு எந்நேரமும் திரும்பியிருந்த கண், இப்போது கண்ணாடி இல்லாதபோது மட்டும் திரும்புகிறது, அவ்வளவே. காலையில் விழித்தது முதல் உறங்கும்வரை அணிவதே சிகிச்சை. கண்ணாடியால் முழுமையாக நேராகும் கண்ணுக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக அதைக் கேட்கவும் வேண்டாம்.

சோம்பேறிக் கண் ஏற்பட்டிருந்தால் நன்றாகத் தெரியும் கண்ணை மூடி, மற்றதற்கு வேலை கொடுக்கிறோம். நடுத்தரக் குறைக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் பெரும்பாலும் போதுமானது. குழந்தை அழும், ஒட்டியதைப் பிய்த்தெறியும். வண்ணம் தீட்டும் நேரத்திலோ, விருப்பமான கதைப்புத்தகத்தைப் பார்க்கும் நேரத்திலோ ஒட்டிப் பாருங்கள். ஏழு வயதுக்குள் பலன் அதிகம். அதன் பின்னும் முயல்வது வீணன்று.

இரண்டு அறிகுறிகளுக்கு மட்டும் முன்பதிவுக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள். கண்ணின் பாவையில், நேரிலோ புகைப்படத்திலோ, வெண்மை தெரிந்தால் அது கண்புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கக்கூடும். திடீரென மாறுகண் தோன்றி, தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

கண்ணாடியின் பவரைக் கணிக்குமுன் வீட்டில் இடுவதற்கு அட்ரோபின் களிம்பு தந்திருந்தால், சொன்ன அளவுக்கு மேல் இடாதீர்கள். இட்டபின் கையைக் கழுவுங்கள். வெளிச்சத்தில் கூசுவதும் அருகில் மங்கலாகத் தெரிவதும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். காய்ச்சலோடு முகம் சிவந்தால் களிம்பை நிறுத்திவிட்டு எங்களை உடனே அழையுங்கள்.