பாணேரில் முதல் பகல்: உடலின் நேரமும் ஊரின் நேரமும்

புனே நகரின் வடமேற்கு விளிம்பில், மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள பாணேர், அண்மைப் பத்தாண்டுகளில் சிற்றூர் என்ற நிலையிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தங்கும் விடுதிகளும் நிறைந்த பகுதியாக வளர்ந்துள்ளது. ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்கா அருகில் இருப்பதால், இலண்டன், நியூயார்க், சிங்கப்பூர் போன்ற நகரங்களிலிருந்து பணி நிமித்தம் தனியாக வருவோர் இங்கே தங்குகின்றனர். மேற்கிலிருந்து வருபவர்களில் பலர் நள்ளிரவில் மும்பையில் இறங்கி, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சாலைவழியே பயணம் செய்து, விடியும் வேளையில் பாணேரை அடைகின்றனர். வேலை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் அந்த ஒரு நாளில் ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர்கள் விரும்புவது இயல்பே. ஆனால் எந்த நேரத்தில் எதைப் பார்ப்பது என்பதை உடலின் நிலை அறிந்து முடிவு செய்தால்தான் அந்த நாள் பயன் தரும்.

ஜெட் லேக் என்று வழங்கப்படும் பயணச் சோர்வு வெறும் தூக்கக் குறைவன்று. மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு மையம் உள்ளது. தூக்கம், உடல் வெப்பம், பசி, விழிப்பு ஆகியவற்றின் அன்றாட ஏற்ற இறக்கத்தை நடத்தும் இதுவே உடற்கடிகாரத்தின் தலைமையிடம். உயிரினங்களின் உள்ளே இவ்வாறு ஒரு காலக்கணக்கு இருப்பதற்கான குறிப்பை, 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மெரான், இருட்டில் வைக்கப்பட்ட செடியொன்றின் இலைகள் வழக்கமான வேளைகளிலேயே விரிந்து மூடுவதைக் கொண்டு வெளியிட்டார். மூலக்கூறு அளவில் அது இயங்கும் முறையைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதரின் உடற்கடிகாரம் தன்போக்கில் விடப்பட்டால், பெரும்பாலோரிடத்தில் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்ட சுழற்சியில் ஓடும். கண்ணில் விழும் ஒளியே அதை நாள்தோறும் திருத்துகிறது. இந்தச் சுழற்சி இயல்பாகவே நீள்வதால், அதைப் பின்தள்ளுவது எளிது, முன்னிழுப்பது கடினம். மேற்கு நோக்கிச் செல்வதைவிடக் கிழக்கு நோக்கிச் செல்வது உடலைக் கூடுதலாக வருத்துவதற்கு இதுவே காரணம். கிழக்கு நோக்கி வந்தவரின் உடல், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற அளவிலேயே புதிய ஊருக்குப் பழகுகிறது.

ஒளி எந்தத் திசையில் கடிகாரத்தைத் திருத்தும் என்பது அது விழும் வேளையைப் பொறுத்தது. வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, அதாவது விடியற்காலை நான்கு ஐந்து மணியளவில், உடல் வெப்பம் மிகவும் தாழ்கிறது. அதற்குப் பின் படும் ஒளி கடிகாரத்தை முன்னிழுக்கும். அதற்கு முன் படும் ஒளி பின்தள்ளும். குளிர்காலத்தில் இலண்டனைவிட இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே விடியற்காலை ஐந்து மணி என்பது இங்கே காலை பத்தரை மணி. ஆகவே இலண்டனிலிருந்து வந்தவர் முதல் நாளன்று பாணேரில் அதிகாலை வெயிலில் நடந்தால், அவருடைய கடிகாரம் இந்திய நேரத்தை நெருங்காமல் விலகியே செல்லும்.

புனே மக்களுக்குக் காலையில் குன்றேறி நடப்பது நெடுநாளைய வழக்கம். பாணேரிலும் அடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த பாணேஷ்வர் சிவாலயத்தையும், உச்சியில் துகாய் தேவி கோயிலையும் கொண்ட குன்று இருக்கிறது. அதன் அழகு விருந்தினரை அழைத்தாலும், இலண்டன் பயணி அந்தக் காலை நடையை நான்கைந்து நாள் கழித்து வைத்துக்கொள்வதே நல்லது. முதல் நாள் பத்தரை மணி வரை திரைச்சீலை மூடிய அறையில் ஓய்வெடுப்பதும், வெளியே செல்ல நேர்ந்தால் கறுப்புக் கண்ணாடி அணிவதும் தகும்.

பத்தரை மணிக்குப் பின் வெளிச்சமே மருந்து. அதற்குப் பொருத்தமான இடம் சனிவார் வாடா. மராத்தியப் பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1730இல் அடிக்கல் நாட்டி 1732இல் குடிபுகுந்த இந்த அரண்மனையின் உட்கட்டடங்கள் 1828ஆம் ஆண்டுத் தீயில் அழிந்ததால், இன்று உயர்ந்த மதிலும் வாயில்களும் நடுவே திறந்த புல்வெளியுமே எஞ்சியுள்ளன. வரலாற்றைக் காண்பவர் மீது வெளிச்சமும் தாராளமாக விழுகிறது. வெயில் கடுமையானதும், ஜங்லி மகாராஜ் சாலையில் உள்ள, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாதாளேஷ்வர் குடைவரைக்கு வந்துவிடலாம். வட்டமான நந்தி மண்டபம் உட்பட அனைத்தும் எரிமலைப் பாறையிலேயே குடையப்பட்ட இக்கோயிலின் நிழலில் நெடுநேரம் அமர முடியும். பழைய புனேயின் பேட்டைகளில் பிற்பகல் ஒரு மணி முதல் நான்கு மணி வரை கடைகளை அடைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. பயணியும் அப்போது அறைக்குத் திரும்பி அரை மணிக்கு மிகாமல் உறங்கலாம். அதற்கு மேல் உறங்கினால் இரவுத் தூக்கம் கெடும்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் தமிழர்களுக்குக் கணக்கு மாறுகிறது. இரண்டரை மணி நேரம் மேற்கே வந்துவிட்ட அவர்களுக்கு இரவு எட்டு மணிக்கே கண் சொருகும். அதிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும். அவர்களுக்கு உதவுவது மாலை ஒளி. புனேயின் தீர்க்கரேகை இந்தியத் திட்ட நேரக் கோட்டிற்கு மேற்கே உள்ளதால், சூரியன் இங்கே கடிகாரத்திற்கு ஏறத்தாழ 35 நிமிடம் பின்தங்கியே செல்கிறது. மாலை வெளிச்சம் அந்த அளவுக்கு நீள்கிறது. 103 படிகள் கொண்ட பார்வதி குன்றின் மீது நின்று கதிரவன் மறையும் வரை நகரைப் பார்ப்பது அவர்களுக்குக் காட்சியாகவும் சிகிச்சையாகவும் அமையும். நியூயார்க்கிலிருந்து வந்தவருக்கோ குளிர்காலத்தில் வேறுபாடு பத்து மணி நேரத்தைத் தாண்டுவதால், உடல் வெப்பம் மிகத் தாழும் வேளை இங்கே பிற்பகல் மூன்று மணியளவில் வருகிறது. முதல் நாள் அவர் பாணேரைவிட்டு வெகுதொலைவு செல்லாதிருப்பதே நல்லது.

தனியாக வந்தவருக்கு இன்னொரு குறையும் உண்டு: பொழுதை உணர்த்தும் துணை அருகில் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் வௌவால்களை ஆராய்ந்தபோது, ஒளி புகாத குகையின் ஆழத்தில் கூண்டில் அடைக்கப்பட்ட வௌவால்கள்கூட, அக்குகையிலிருந்து வெளியே சென்று திரும்பும் மற்ற வௌவால்களின் நடமாட்டத்தைக் கொண்டே பொழுதைச் சரியாகக் காத்ததைக் கண்டறிந்தனர். துணையற்ற குகையில் அவற்றின் பொழுது நழுவியது. மனிதரிடத்தில் ஒளியே வலிமை மிக்கது என்றாலும், உணவு வேளையும் பிறரோடு பழகுதலும் உடலின் ஒழுங்குக்குத் துணை நிற்கின்றன. ஆகவே தனிப்பயணி அறையில் பொட்டலத்தைப் பிரித்து உண்பதைவிட, ஊரார் உண்ணும் வேளையில் ஊரார் நடுவே அமர்ந்து உண்பது நன்று. தன் தள்ளாட்டத்தைச் சுட்டிக்காட்ட அருகில் எவரும் இல்லாததால், முதல் நாள் வாகனம் ஓட்டுவதில்லை என்பதை அவர் பயணம் புறப்படும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். மெலடோனின் முதலிய மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டே கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் உள்ள அனைத்தையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பது உடலுக்கு மட்டுமின்றி, பார்க்கப்படும் இடங்களுக்கும் நியாயமாகாது. எடுத்துக்காட்டாக, புனேயின் ஆகா கான் அரண்மனையில் காந்தியடிகள் 1942 ஆகஸ்ட் முதல் 1944 மே வரை சிறைவைக்கப்பட்டார். அவருடைய செயலர் மகாதேவ தேசாயும் மனைவி கஸ்தூரிபாவும் அங்கேதான் உயிர்நீத்தனர். இருவரின் சமாதிகளும் அவ்வளாகத்தில் உள்ளன. அத்தகைய இடத்தைக் கண்கள் மூடிக்கொள்ளும் பிற்பகலில் சுற்றிவருவது அந்த வரலாற்றுக்குச் செய்யும் குறையாகும். புனேயின் லோஹேகாவ் விமான நிலையத்தின் பக்கமாகவே அது அமைந்திருப்பதால், உடல் தேறியபின், ஊர் திரும்பும் நாளிலேகூட அதற்கு நேரம் ஒதுக்க முடியும். முதல் நாளில் வெளிச்சம் மிகுந்த ஓரிடமும் நிழல் மிகுந்த ஓரிடமும் போதும். அவற்றைச் சரியான நேரத்தில் பார்த்தவருக்கு எஞ்சிய நாட்கள் முழு விழிப்போடு கிடைக்கும்.